பம்ப் பழுதில்லை மருமகன்!

ரொறன்ரோவில மருமகன் தன்ர கராஜுக்குள்ளேயே ரெண்டு பேர் போகிற விமானம் ஒண்டு கட்டி முடிச்சிருக்கிறான். ஜாக்கியில ஏத்தி சில்லுக் கால்களை மடக்கிப் பாத்தா, ஒயிலை அழுத்தி அந்தக் கால்களை அசைக்கிற ஹைட்ரோலிக் பம்ப் ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா தானா ஓடுதாம். "மாமா, புது பம்ப் வாங்கட்டா?" எண்டு நேற்றிரவு வீடியோ கோல்.

திருகோணமலையில நான் இத்தனை வருசமா ஜேசிபி, ட்ராக்டர் எண்டுதான் கழட்டிப் பூட்டுறன். ஆனா ஒயிலுக்கு விமானம், ட்ராக்டர் எண்ட பேதம் இல்லை. அவன்ர விமானத்தில மடக்கின காலை மேல பிடிச்சு வைக்கிறது கொக்கி இல்லை, ஒயில் அழுத்தம்தான். அது இறங்கினா பிரஷர் சுவிட்ச் பம்பைத் திரும்ப எழுப்பும். பம்ப் தன்ர வேலையை ஒழுங்காத்தான் செய்யுது!

வெளியில ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. அப்ப கசிவு உள்ளுக்கத்தான், காலை மடக்கி இறக்கிற சிலிண்டருக்குள்ள பிஸ்டனைத் தாண்டி ஒயில் மற்றப் பக்கம் போகுது.

சில்லுக்கு முட்டுக் குடுக்கச் சொன்னன். பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலயும் அழுத்தம் இல்லாத, கால் இறக்கிற பக்கத்து ஹோஸை மட்டும் கழட்டி, சிலிண்டரின்ர அந்த ஓட்டையில சுத்தமான துணியைப் பிடிக்கச் சொன்னன். இடது காய்ஞ்சு கிடந்தது. வலதில சிவப்பா ஊறி ஊறி வந்துது. பிஸ்டனைச் சுத்தி ஒயிலை அடைக்கிற ரப்பர் வளையத்தில, அதுதான் ஓரிங்கில, நகக்கீறல் மாதிரி ஒரு வெட்டு. அவ்வளவுதான்!

ஒண்டு மட்டும் கத்திச் சொன்னன்: 5606 எண்ட விமான ஹைட்ரோலிக் சிவப்பு ஒயில் ஓடுற இடத்தில கார் பிரேக் ஒயிலை விடாதை, சீல் எல்லாம் ஊதிப் பழுதாப்போகும்.

புது ஓரிங் போட்டாச்சு. ஜாக்கியில வச்சே இருபது தரம் மடக்கி இறக்கிக் காட்டினாத்தான் ஓடுபாதைக்கு விடுவன் எண்டிருக்கிறன்.