நிறைந்த டம்ளர்

நாலு பேர் பார்க்க எனக்குக் காபி குடிக்க வராது. சிரிக்காதீர்கள். டம்ளரை எடுத்தால் கை நடுங்கும், நடுங்குவதைப் பார்த்துவிடுவார்களே என்ற நினைப்பில் இன்னும் நடுங்கும், குடிகாரன் என்று முடிவு கட்டிவிடுவார்கள் என்று தோன்றும். கல்யாண வீடுகளில் "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்" என்றே பதினைந்து வருடம் ஓட்டினேன்.

அதனால் டாக்டர் குழுவாகச் செய்யும் சிபிடி, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் மனநல சிகிச்சைக்குப் போகச் சொன்னபோது கோபம்தான் வந்தது. மனுஷர்களைக் கண்டால்தானே பயம், அதற்கு மருந்தும் மனுஷர்களா?

என்னுடையது போல நாலு பேர் முன்னால் வரும் பயத்துக்குச் சமூகப் பதற்றம் என்று பெயர். அதற்கு அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் ஹைம்பெர்க் வகுத்த முறை ஒன்று உண்டு: ஆறு பேர் அளவில் ஒரு குழு, இரண்டு சிகிச்சையாளர்கள், வாரம் இரண்டரை மணி நேரம், 12 வாரம். எங்களுடையதும் கிட்டத்தட்ட அப்படித்தான். முதல் சில வாரங்கள் மனதில் ஓடுவதைத் தாளில் கட்டம் போட்டு எழுதி, அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டுக்கொள்வது. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பள்ளிக்கூட வீட்டுப்பாடம் மாதிரிதான் இருந்தது.

அப்புறம் ஒரு நாள் காபி வந்தது. நான் எப்போதும் அரை டம்ளர்தான் வாங்குவேன், இரண்டு கையாலும் பிடிப்பேன், யாராவது வேறு பக்கம் திரும்பும்போதுதான் உறிஞ்சுவேன். இந்தத் தந்திரங்களுக்குப் பாதுகாப்பு நடத்தை என்று பெயராம், பயத்தைச் சாகவிடாமல் வைத்திருப்பதே இவைதானாம். ஆகவே விளிம்பு வரை ஊற்றி, ஒரே கையால் பிடித்து, எல்லோரையும் பார்த்துக்கொண்டே குடிக்க வேண்டும். நடுநடுவே பயத்துக்கு 0 முதல் 100 வரை எண் சொல்ல வேண்டும். 85 என்றேன். சட்டையில் சிந்தியது. பத்து நிமிடத்தில், எப்படி என்று தெரியவில்லை, 40.

முடிந்ததும் மற்றவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். ஒருவர், ஏசி குளிர் போல என்று நினைத்தாராம். எதிரே இருந்த அக்கா, "மன்னிச்சுக்கோ தம்பி, அடுத்து நான் பேசணுமேன்னு எனக்கே வேர்த்துக் கொட்டுச்சு, உன்னைக் கவனிக்கவே இல்லை" என்றார். அவருக்கு வேர்த்தது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை! தனியறையில் டாக்டர் எத்தனை முறை சொல்லியிருந்தாலும் இதை நான் நம்பியிருக்க மாட்டேன், ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டிருப்பேன்.

கை இன்னும் நடுங்கத்தான் செய்கிறது. போன வாரம் டீக்கடையில் பாதி கிளாஸ் மேஜையில் கொட்டிவிட்டது. கடைக்காரர் துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "இன்னொன்னு போடவா?" என்றார். போடச் சொன்னேன்.