ஹைதராபாத்: ஆட்டோவில் விட்ட பணமும் கோல்கொண்டாவும்

நாம்பள்ளி ஸ்டேஷன் வாசலில் சூழ்ந்துகொண்ட ஆட்டோக்காரர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. கோல்கொண்டா கோட்டைக்கு 600 ரூபாயாம்! செல்போனில் பார்த்தால் 200-க்கும் கீழே. சரி என்று ஆப்பிலேயே ஆட்டோ பிடித்தோம். அவர் பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி, "இன்னும் நூறு கொடுத்தால்தான் போவேன்" என்றார். வெயிலில் மனைவியும் பையும் நானும். கொடுத்துத் தொலைத்தேன். ரயில் டிக்கெட் போக நாள் செலவுக்கு 2,000 ரூபாய் என்று கணக்குப் போட்டு வந்தவனுக்குக் காலையிலேயே வயிறு எரிந்தது.

கோட்டைக்குள் நுழைந்ததும் எரிச்சல் பறந்துவிட்டது. ஃபதே தர்வாசா வாசலின் குவிமாடத்துக்கு அடியில் நின்று கை தட்டினால், உச்சியில் இருக்கும் பாலா ஹிஸ்ஸாரில் கேட்கிறது. எதிரி வந்தால் மேலே தகவல் சொல்ல அந்தக் காலத்து ஏற்பாடு. நான் மேலே நிற்க, மனைவி கீழே தட்டினாள். கேட்டது! இப்படிப்பட்ட கோட்டையையும் ஔரங்கசீப் எட்டு மாதம் முற்றுகையிட்டு 1687-ல் பிடித்துவிட்டார்.

ஏறும் வழியில் பத்ராசலம் ராமதாசர் அடைபட்டிருந்த சிறை இருக்கிறது. வரிப் பணத்தை எடுத்து ராமனுக்குக் கோயில் கட்டினார் என்று கோல்கொண்டா சுல்தான் தானாஷா காலத்தில் உள்ளே தள்ளினார்கள். இருட்டு அறை, சுவரில் ராமர், சீதை, லட்சுமணர் உருவங்கள். நம்மூர் பஜனைகளில் அவர் கீர்த்தனைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே கொஞ்ச நேரம் நிற்காமல் நகர மாட்டார்கள். அங்கே வந்தும் சிலர் வாசலில் செல்ஃபி எடுத்துவிட்டு ஓடுகிறார்கள், என்ன சொல்ல!

மதியம் பிரியாணி. சீரகச் சம்பாவுக்குப் பழகிய நாக்குக்குப் பாஸ்மதி கொஞ்சம் விறைப்புதான், ஒப்புக்குப் புகழ மாட்டேன். ஆனால் பச்சைக் கறியை மசாலாவில் ஊறவைத்து, அரைவேக்காட்டு அரிசியோடு தம் போடுகிறார்கள் அல்லவா, அந்தக் கறி வெண்ணெய். நிலக்கடலையும் எள்ளும் அரைத்த மிர்ச்சி கா சாலன் என்ற மிளகாய்க் குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கினேன். ஒரு பிளேட் இரண்டு பேருக்குத் தாராளம், பர்ஸ் பிழைத்தது.

சாலார் ஜங் மியூசியத்தை அவசரமாகத்தான் பார்க்க முடிந்தது. பென்சோனி செதுக்கிய 'முக்காடிட்ட ரெபேக்கா' சிலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். பளிங்குக்குள் முகம் தெரிகிறது, துணி வழியாகத் தெரிவதுபோலவே.

அப்புறம் 1591-ல் கட்டிய சார்மினார். அதைவிட அதன் நிழலில் குடித்த இரானி சாய்! டிகாஷனையும் பாலையும் தனித்தனியே காய்ச்சிக் கலக்குகிறார்கள். உப்பும் இனிப்புமான உஸ்மானியா பிஸ்கட்டை முக்கி முக்கித் தின்றோம். லாட் பஜாரில் வளையல் விலையைக் கேட்டால் சொன்னதில் பாதியிலிருந்து பேரத்தைத் தொடங்குங்கள்; எங்களுக்கு 400 சொன்ன ஜோடி 220-க்கு வந்தது.

எந்த வரிசையில் பார்ப்பது என்றால், வெயில் ஏறுமுன் கோட்டை, மற்றதெல்லாம் பிறகு. மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மெஹதிப்பட்டணத்திலிருந்து கோட்டைக்கு டவுன் பஸ் உண்டு, ஆட்டோவை நம்பாதீர்கள்.