திரும்பி வர ஓர் இடம்

எங்கள் பக்கம் தவக்காலம், அதாவது உயிர்ப்பு ஞாயிறான ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள், தொடங்கியதுமே சாப்பாட்டுப் பேச்சுதான். யார் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி பிடிக்கிறார்கள், யாருக்கு வெள்ளிக்கிழமை மட்டும் இறைச்சி இல்லாத சுத்தபோசனம், யார் உயிர்ப்பு ஞாயிறு வரை மீனையே தொடுவதில்லை. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு மீனை விடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நாற்பது நாளும் இதிலேயே போய்விட்டால் முக்கியமானது விட்டுப்போகிறது.

பழைய திருச்சபையில் தவக்காலம் ஒவ்வொருவரும் தனித்தனியாக இருந்த விரதம் அல்ல. ஞானஸ்நானம் வாங்கப்போகிறவர்கள் ஈஸ்டருக்கு முந்தின இரவான பாஸ்கா இரவுக்குத் தயாரானார்கள். பெரிய பாவம் செய்து சபைக்கு வெளியே நின்றவர்கள் தவம் செய்தார்கள், உரோமையில் அவர்களை ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று மறுபடி உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் மனம் திரும்பினால் மட்டும் போதாது, சேர்த்துக்கொள்ள சபையும் வாசலில் நிற்க வேண்டும். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

தவக்கால வெள்ளிகளில் புனித தேவசகாயம் உயிர்விட்ட ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்கு ஜெபமாலையோடு நடந்து போகிறோம். நட்டாலத்து நீலகண்டபிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கித் தேவசகாயம் ஆனபோது திருவிதாங்கூர் அரண்மனை வேலையும் சாதி மதிப்பும் அவருக்கு இருந்தன. அதன்பிறகு ஏற்றத்தாழ்வு பார்க்காமல் எல்லாரோடும் சமமாகப் பழகினார், அது அவரைச் சேர்ந்தவர்களுக்கே பொறுக்கவில்லை. விலங்கு, அடி, ஊர் ஊராக இழுத்துப்போனது எல்லாம் முடிந்து 1752 ஜனவரி 14-இல் அந்த மலையில் சுட்டுக்கொன்றார்கள். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது நாம் எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அவர் கல்லறையைத் தொட்டு முத்தி செய்கிறோம். அப்புறம் வீட்டுக்கு வந்து கல்யாணப் பேச்சு எடுத்தால் முதல் கேள்வி, அவங்க என்ன ஆளுங்க? இது எனக்கு வலிக்கிறது. அவர் எதை விட்டதற்காக எல்லாவற்றையும் இழந்தாரோ அதையே நாம் இன்னும் கட்டிக் காக்கிறோம்.

பங்கிலும் அப்படித்தான். கோயில் வரி பாக்கியால் கூசிப்போய் வராமல் இருக்கும் குடும்பம், வேறு மதத்தில் கட்டிக்கொடுத்த பெண், குடியால் பேர் கெட்டவர், திருவிழாக் கணக்கில் சண்டை போட்டு ஒதுங்கியவர். இவர்கள் எல்லாரும் ஆண்டவரை விட்டுப் போய்விட்டார்கள் என்று நாம் எப்படி முடிவு கட்டினோம்? பலர் வீட்டில் இருந்தபடியே செபிக்கிறார்கள். கூப்பிட ஆள் இல்லை, அவ்வளவுதான். பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதும் வீடற்றவனை வீட்டுக்குள் சேர்ப்பதும்தான் தமக்குப் பிடித்த நோன்பு என்று எசாயா 58-இல் ஆண்டவர் சொல்வதை ஒவ்வொரு தவக்காலமும் பூசையில் வாசிக்கக் கேட்கிறோமே.

பாஸ்கா இரவில் எல்லாரும் மெழுகுதிரி பிடித்து ஞானஸ்நான வாக்குறுதியைப் புதுப்பிப்போம். அதற்கு முன்னால் உங்கள் அன்பியத்தில், அதாவது சேர்ந்து செபிக்கும் பக்கத்து வீட்டுக் குடும்பங்களில், யாரைக் காணவில்லை என்று பாருங்கள். போய்க் கூப்பிடுங்கள். பாக்கிப் பேச்சு, பழைய சண்டைப் பேச்சு எதுவும் வேண்டாம். சும்மா போய் உட்கார்ந்து ஒரு கட்டன்சாயா குடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குச் சேர்ந்தே போவோம், வாசலில் வந்து நிற்கிறேன் என்று சொல்லுங்கள்.