எங்கள் வீட்டில் வாத்து இல்லை

பசூன் என்கிற நீளமான குழல் வாத்தியத்தை வாசிப்பதும் சொல்லிக்கொடுப்பதும்தான் எனக்குச் சோறு போடுகிறது. பகலில் பள்ளிகளில் இணைப்பாட நடவடிக்கைக்கு வரும் பிள்ளைகள், மாலையில் எந்த இசைக்குழுவிலாவது ஆள் குறைந்தால் அங்கே. பேண்டில் சேரும் பிள்ளைகளுக்கு சாக்ஸபோன் வேண்டும், இல்லாவிட்டால் டிரம்ஸ் வேண்டும். விரல் நீளமாக இருக்கிற, எதிர்த்துப் பேசாத ஒரு பிள்ளையின் தலையில்தான் பசூன் வந்து விழும். இடது கட்டைவிரலுக்கு மட்டும் எட்டு ஒன்பது கீ இருக்கிறது என்று தெரிந்ததும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆனால் என் நேரத்தைத் தின்பது ரீடுதான். நாகஸ்வரத்துக்குச் சீவாளி மாதிரி இதற்கு இரட்டை ரீடு. நாணல் தட்டையைச் சீவி, மடித்து, கம்பி சுற்றி, நூல் கட்டி, வாயில் வைத்து ஊதிப் பார்த்து, சரியில்லை என்று மறுபடி சீவி, இப்படியே ராத்திரி போய்விடும். நம் ஈரக்காற்றில் ஒழுங்காகப் பேசிய ரீடு அரங்கத்து ஏசிக்குள் போனதும் முரண்டு பிடிக்கும், அது வேறு. ரீடை மட்டும் தனியாக ஊதினால் எப்படி இருக்கும் என்றால், குவாக்.

போன மாதம் ஒரு சாயங்காலம் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு தமிழ்ப் பையன் கதவைத் தட்டினார். ராத்திரியில் வாத்து கத்துகிறதாம், புளோக்கில் யாரோ புகார். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கோழி, வாத்து எல்லாம் வளர்க்கக் கூடாதே.

"வாத்தா? இங்க குழம்புலகூட வாத்து வந்ததில்ல தம்பி, உள்ள வாங்க" என்றார் அம்மா.

பாவம், கூச்சத்தோடு சமையலறை, கழிவறை, துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் என்று எல்லாம் பார்த்தார். கடைசியில் என் மேசை. கத்தி, கம்பி, நூல், கிண்ணத்தில் தண்ணீர். வாத்தின் கதையை முடித்துவிட்டார்கள் என்றே நினைத்திருப்பார்! கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருந்த ரீடை எடுத்து ஊதிக் காட்டினேன். சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெஃப் 1936இல் எழுதிய 'பீட்டரும் ஓநாயும்' இசைக்கதையில் வாத்தாக வருவது ஓபோ என்கிற இன்னொரு குழல் வாத்தியம். பசூன் அதில் கண்டிப்பான தாத்தா. ராத்திரியெல்லாம் ஒரு கிழவர் புலம்புகிறார் என்று புகார் கொடுத்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன்.

சரி, வந்ததுதான் வந்தீர்கள், முழுசாகப் பாருங்கள் என்று பெட்டியைத் திறந்து பசூனின் பாகங்களைப் பொருத்தினேன். மடங்கி இருப்பதால் தெரியாது, நீட்டினால் குழாய் இரண்டரை மீட்டர் வரும். இருப்பதிலேயே கீழான சுரத்தை இழுத்து வாசித்ததில் மேசையிலிருந்த ஸ்பூன் அதிர்ந்தது. தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அண்ணே, தப்பா நினைக்காதீங்க, இதுக்குச் சம்பளம் எல்லாம் தர்றாங்களா?" என்றார்.

டீயோடு வந்த அம்மா, "நல்லாக் கேளுங்க தம்பி, நானும் வருஷக்கணக்கா அதத்தான் கேக்குறேன்" என்றார்.