உரத்த குரலுக்கு முதலிடம்

வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றியவன் என்ற முறையில், மனிதர்கள் ஏன் மூர்க்கமாக நடந்துகொள்கிறார்கள் என்று கேட்டால் 'அவர் சுபாவம் அப்படி' என்று சொல்லி முடித்துவிடும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. முன்கோபிகள் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் எங்கள் கவுன்ட்டரில் மேசையைத் தட்டி இரைந்தவர்களில் பலர், வேறொரு நாள் வேறு வேலையாக வந்தபோது பணிவாகப் பேசிவிட்டுப் போனவர்கள்தாம். ஆள் அதே ஆள் என்றால், மாறியது நாங்கள் அவரை நடத்திய விதமாகவும் இருக்கலாம் அல்லவா?

நோக்கம் தடைபடுவதால் எழும் விரக்தியே ஆக்கிரமிப்புக்கு, அதாவது பிறர்மீது பாயும் மூர்க்கத்துக்கு, வித்து என்று 1939-இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் டாலர்டும் அவருடைய சகாக்களும் வாதிட்டார்கள். தடை மட்டும் போதாது, அது மனத்தில் கசப்பை உண்டாக்கும் அளவுக்கே சீற்றம் பிறக்கும் என்றும், வலி, வெப்பம் போன்றவையும் அதே வேலையைச் செய்யும் என்றும் உளவியலாளர் லெனார்ட் பெர்கோவிட்ஸ் 1989-இல் அதைத் திருத்தினார். காலையில் 'சரி, நாளை வருகிறேன்' என்று ஏற்கப்பட்ட அதே பதில், புழுங்கும் கூடத்தில் நெடுநேரம் நின்றவரிடம் பிற்பகலில் சொல்லப்படும்போது சண்டையாக முடிவதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் திருத்தத்தின் அருமை புரியும்.

ஆயினும் விரக்தியைச் சீற்றமாக மாற்றுவது பெரும்பாலும் எதிராளியின் நோக்கம் பற்றிய ஓர் ஊகம். டோக்கன் சீட்டைச் சுருட்டுவதும் விரிப்பதுமாகக் காத்திருந்த ஒரு பெரியவரின் முறை வந்தது. எங்கள் எழுத்தர் தலை நிமிராமலே, "சிஸ்டம் வேலை செய்யல சார், நாளைக்கு வாங்க" என்றார். பெரியவர் பக்கத்துக் கவுன்ட்டரைப் பார்த்தார்; அங்கே வேலை நடந்துகொண்டிருந்தது. "அங்க மட்டும் எப்படி ஓடுது? ஆள் பார்த்துத்தான் செய்வீங்களா?" என்று அவர் போட்ட சத்தத்தில் கூடமே திரும்பியது. மூத்த ஊழியர் ஒருவர் வந்து, கணினித் திரையை அவர் பக்கம் திருப்பிப் பிழைச் செய்தியைக் காட்டி, அடுத்த கவுன்ட்டரில் பணம் மட்டுமே வாங்குகிறார்கள், அதற்கு வேறு இணைப்பு என்று விளக்கியதும் பெரியவர் நாற்காலியில் அமர்ந்துவிட்டார். வந்த வேலை அப்போதும் முடியவில்லை. வேண்டுமென்றே அலைக்கழிக்கிறார்கள் என்ற எண்ணம் மட்டுமே போயிருந்தது.

தெளிவற்ற ஒரு செயலில் பகைமை நோக்கத்தைக் காணும் போக்கு மூர்க்கமான சிறுவர்களிடம் கூடுதலாக இருப்பதை கென்னத் டாட்ஜ் 1980-இல் எடுத்துக்காட்டினார். சிறுவர்களோடு நிற்கிற விஷயமில்லை இது. காரணம் சொல்லப்படாத இடத்தில் காத்திருப்பவர் தாமே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்கிறார். அது நமக்குச் சாதகமாக அமைவது அபூர்வம்.

கோபமே இல்லாமல் கத்துகிறவர்களும் உண்டு. ஆர்னால்ட் பஸ் போன்ற உளவியலாளர்கள் 1960-களிலேயே பிரித்துக் காட்டிய 'கருவிவகை ஆக்கிரமிப்பு' இது; காரியம் சாதிப்பதற்கான கருவியாக மூர்க்கத்தைப் பயன்படுத்துவது. இவர்கள் மேலாளர் அறையின் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குரலை உயர்த்துவார்கள். அவர் வெளியே வந்ததும் குரல் தானாகத் தணிந்துவிடும். இதை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே அலுவலகம்தான் என்பேன். கத்தியவரின் கோப்பு அன்றே கையெழுத்தாகிறது, பொறுமையாக நின்றவரின் கோப்பு அடியில் கிடக்கிறது. வரிசையில் நிற்பவர்கள் இதைக் கவனிக்காமலா இருப்பார்கள்? ஆல்பர்ட் பாண்டுரா 1965-இல் வெளியிட்ட ஆய்வில், பொம்மையை அடித்த பெரியவர் தண்டிக்கப்படுவதைப் படத்தில் கண்ட குழந்தைகள் குறைவாகவே அதைப் பின்பற்றினார்கள். செய்து காட்டினால் பரிசு உண்டு என்றதும் அவர்களும் மற்றவர்களுக்கு இணையாகச் செய்து காட்டினார்கள். ஆக, கற்றுக்கொள்வதில் எவருக்கும் குறைவில்லை. எங்கள் வரிசையின் சாதுக்களும் பாடத்தை மனத்தில் குறித்துக்கொண்டுதான் வீடு திரும்பியிருப்பார்கள்.

கவுன்ட்டருக்கு இந்தப் பக்கமும் கதை ஒன்றுதான். மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த பிரிவுத் தலைவர் எதிர்த்துப் பேச முடியாத இளநிலை ஊழியர்மீது பாய்வார். அந்த ஊழியருடைய எரிச்சல் அடுத்த டோக்கன்காரரிடம் போய்ச் சேரும். 'கொட்டித் தீர்த்துவிட்டால் மனம் லேசாகிவிடும்' என்று ஓய்வறையில் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் உதவுவதில்லை. பிராட் புஷ்மேன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், கோபமூட்டியவரை நினைத்தபடி குத்துமூட்டையைக் குத்தியவர்கள், சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிடப் பின்னர் அதிக மூர்க்கம் காட்டினார்கள்.

எனவே சண்டைக்கு உள்ளான ஊழியரைச் சிறிது நேரம் கவுன்ட்டரிலிருந்து எடுத்து, கோப்புகளை வரிசைப்படுத்தும் வேலையில் அமர்த்தத் தொடங்கினோம். கத்தினாலும் கத்தாவிட்டாலும் டோக்கன் வரிசைப்படியே கோப்பு நகரும் என்றும் முடிவு செய்தோம். முதல் ஏற்பாட்டை, ஒரு கவுன்ட்டர் காலியாகிறது என்று முணுமுணுத்தபடியாவது நிர்வாகம் பொறுத்துக்கொண்டது. இரண்டாவதைத்தான் காப்பாற்றுவது கடினம்: கூடத்தில் சத்தம் எழுந்த மறுகணமே, 'முதலில் அவரை அனுப்பிவிடுங்கள்' என்று உள்ளறையிலிருந்து தொலைபேசி வந்துவிடுகிறது.