டபராவில் இருக்கிற பால்

நாலு மாதக் குழந்தையின் வெள்ளைத் துணி. சளி கோத்த மலத்தில் சிவப்பு நூல் மாதிரி ஒரு ரத்தக் கோடு. பாபநாசத்தில் இன்று காலை பார்த்தது, இன்னும் கண்ணில் நிற்கிறது.

"தாய்ப்பால் ஒத்துக்கலடி, நிறுத்திடு" என்றார் பாட்டி.

பக்கத்தில் டபராவில் ஆறிக்கொண்டிருந்தது பெற்றவளின் காபி.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆசனவாய் வெடிப்போ தொற்றோ கூட இருக்கலாம். தாய் சாப்பிடும் பசும்பாலின் புரதம் தாய்ப்பால் வழியே போய்க் குழந்தைக்கு ஒவ்வாமை தருகிறதோ என்று சந்தேகம் இருந்தால், 2 முதல் 4 வாரம் தாய்க்குப் பால், தயிர், மோர், பனீர் எதுவும் கூடாது.

காபியை விடுகிறவர்கள் மோர்ச்சோற்றை விடுவதில்லை. அங்கேதான் தவறுகிறது. நெய்யிலும் துளி புரதம் தங்கும். பிஸ்கட் உறையில் பால் பவுடர் இருக்கிறதா பாருங்கள். ஆட்டுப்பால், எருமைப்பால் மாற்றாகாது, புரதம் ஏறக்குறைய ஒன்றுதான். லாக்டோஸ் நீக்கிய பாலிலும் புரதம் அப்படியே இருக்கும்.

தாய்க்குக் கேழ்வரகுக் கூழ், எள்ளுருண்டை கொடுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். மாத்திரை வேண்டுமா என்றும் கேளுங்கள்.

குழந்தை தேறியதும், மருத்துவர் சொன்னபடி தாய் மறுபடி பால் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். தொந்தரவு திரும்பினால்தான் காரணம் உறுதி. இதைச் செய்யாமல் எத்தனை பெண்கள் வீணாகப் பத்தியம் இருக்கிறார்கள்!

குழந்தைக்கு 6 மாதம் முடிந்ததும் குழைந்த சோறு, பாசிப்பருப்பு, நெய்க்குப் பதில் அரை ஸ்பூன் தேங்காய் எண்ணெய். புதிய உணவு ஒவ்வொன்றாக, காலையில், 3 நாள் இடைவெளியில். டப்பா கஞ்சி மாவில் பெரும்பாலும் பால் பவுடர் கலந்திருக்கும்.

விடாமல் வாந்தி எடுத்துக் குழந்தை துவண்டால் கைவைத்தியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி.