ஞாயிற்றுக்கிழமையும் நான்கு டிகிரி

காங்கேயத்தில் தாராபுரம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரண்டு சிறிய அறைகளில் ரத்தப் பரிசோதனை ஆய்வகம் நடத்துகிறேன். டி.எம்.எல்.டி. என்ற மருத்துவ ஆய்வகப் பட்டயப் படிப்பு முடித்த பிள்ளைகள் சிலர், "நாங்களும் சொந்தமாகத் தொடங்கலாமா அக்கா?" என்று கேட்கிறார்கள். தொடங்கலாம். நான் பட்டதைச் சொல்கிறேன்.

இரண்டாண்டு படிப்புக்குப் பிறகு பதினோரு வருடம் இன்னொருவரின் ஆய்வகத்தில் ஊசி பிடித்தேன். அங்கே அனுமதிச் சான்று என்பது சுவரில் மாட்டிய படம், அவ்வளவுதான். சொந்தமாக விண்ணப்பிக்கப் போனபோதுதான் அதன் பின்னால் இருப்பது தெரிந்தது. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-இல் வந்தது. அதற்கான விதிகள் 2018-இல் வந்தன. மாவட்ட ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். எங்களுக்குத் திருப்பூர்.

முதல் தடை கட்டட உரிமையாளர். எண்ணெய் ஆலை வைத்திருப்பவர், நல்ல மனிதர். மருத்துவக் கழிவை எடுத்துப்போகும் பொது நிலையத்துடன் ஒப்பந்தம் வேண்டும் என்று சொன்னதுமே பின்வாங்கினார். "ரத்தத்தை எல்லாம் என் இடத்திலேயே சேர்த்து வைப்பீர்களா அம்மணி?" என்றார். மஞ்சள் பையையும் சிவப்புப் பையையும், ஊசி போடும் வெள்ளை டப்பாவையும், கண்ணாடிக்கான நீலப் பெட்டியையும் அவர் முன்னால் வரிசையாக வைத்தேன். ரத்த மாதிரிகளைக் கிருமி நீக்கிய பிறகே பையில் போடுவோம், 48 மணி நேரத்துக்கு மேல் இங்கே இருக்காது என்றேன். அரை மனதோடு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். இப்போது மாதம் ஒருமுறை சர்க்கரை பார்க்க வருகிறார், வழியில் டீ குடித்துவிட்டு.

அடுத்தது கையெழுத்து. ஆய்வக அறிக்கையில் நோய்க்குறியியல் மேற்படிப்பு படித்த பதிவுபெற்ற மருத்துவரே கையொப்பமிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. அப்படி ஒருவரைத் தேடி அலைந்தபோது ஓர் இடைத்தரகர் வந்தார். மாதம் ஒரு தொகை கொடுத்தால் ஒரு மருத்துவரின் கையெழுத்துப் படத்தைக் கணினியில் ஏற்றித் தருவாராம். மருத்துவர் இந்தப் பக்கமே வர மாட்டாராம். தொகையும் குறைவுதான். ஒரு நாள் இரவு முழுக்க யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. என் கண்ணில் தப்பியதைப் பிடிக்க இன்னொரு கண் வேண்டும். படத்துக்குக் கண் கிடையாது. கடைசியில் திருப்பூரிலிருந்து ஒரு மருத்துவர் ஒப்புக்கொண்டார். முதல் நாளே, ஸ்லைடில் ரத்த அணுக்கள் தெரிவதற்காகப் போடும் என் சாயத்தை மோந்து பார்த்து, "இதை எப்போது வடிகட்டினீர்கள்?" என்று கேட்டார். சரியான ஆள் என்று தெரிந்துகொண்டேன்.

அனுமதி தருவதற்கு முன் அதிகாரி ஆய்வுக்கு வந்த அன்று நடந்ததை இன்று வரை வீட்டில் சொல்லிச் சிரிக்கிறார்கள். ரீஏஜென்ட், அதாவது பரிசோதனைக்கான வேதிப்பொருள், வைக்கும் குளிர்சாதனப் பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காலையும் மாலையும் அளவைக் குறிக்க ஒரு நோட்டு. நான் பாதி நாள் குறிக்க மறந்திருந்தேன். முதல் நாள் இரவு உட்கார்ந்து, ஒரே பேனாவில், மாதம் முழுவதையும் நிரப்பினேன். வந்த அதிகாரி நோட்டைப் புரட்டினார். "ஞாயிற்றுக்கிழமை ஆய்வகம் உண்டா?" என்றார். "இல்லை, விடுமுறை" என்றேன். ஞாயிறுதோறும் நான்கு டிகிரி. விரலை இன்னும் கீழே கொண்டுபோனார். அன்றைய மாலை அளவும் எழுதியிருந்தது. அப்போது மணி காலை பதினொன்று.

அவர் திட்டவில்லை. "ஒரு மாதம் உண்மையாக எழுதிவிட்டுக் கூப்பிடுங்கள்" என்று எழுந்துவிட்டார். அந்த மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் மின்தடைக்குப் பிறகு 11 டிகிரி காட்டியது. கையிருந்த ரீஏஜென்ட் ஒரு பெட்டியைக் கொட்டினேன். பழைய நோட்டாக இருந்தால் அன்றும் நான்குதான் எழுதியிருப்பேன்.

இதற்கிடையில் என் தொழிலுக்கென்று ஒரு சட்டமும் வந்துவிட்டது. செவிலியர்களுக்கு 1947-லும் மருந்தாளுநர்களுக்கு 1948-லும் மத்தியச் சட்டம் கிடைத்தது. எங்களுக்கு 2021 வரை காத்திருப்பு. துணை மற்றும் சுகாதாரப் பராமரிப்புத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் மருத்துவ ஆய்வகத் துறைதான் முதல் வரிசை. குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது. எங்கோ மூன்று மாதச் சான்றிதழை வைத்துக்கொண்டு ரத்தம் எடுப்பவர்களைப் பார்த்து எரிந்தவளுக்கு, அந்த எண்ணே பாதி நிம்மதி.

சான்று கிடைத்த வருடம் ஐப்பசி மழையில் டெங்கு பரவியது. ஒரு பையன், எட்டு வயது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 31,000 என்றது இயந்திரம், பயப்பட வேண்டிய அளவு. அப்பா கோயம்புத்தூருக்குக் காரைக் கிளப்பி வைத்துவிட்டார். பையனோ பெஞ்சில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருக்கிறான். உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளி இல்லை. அறிக்கையைக் கொடுக்காமல் ஸ்லைடு இழுத்துச் சாயம் போட்டுப் பார்த்தேன். ஸ்லைடின் நுனியில், இறகு போல மெலிந்த பகுதியில், தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்தன. ரத்தம் உறையாமலிருக்க ஊதா மூடிக் குழாயில் இருக்கும் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் சிலரது ரத்தத்தில் செய்யும் வேலை இது. இயந்திரம் கொத்தைத் தட்டணுவாக எண்ணாது. நீல மூடி சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்தேன், 1,62,000. சிட்ரேட் திரவம் ரத்தத்தை நீர்க்கச் செய்வதால் 1.1 ஆல் பெருக்க வேண்டும். 1,78,200. இயல்பான அளவுதான்.

ஸ்லைடைப் படமெடுத்து மருத்துவருக்கு அனுப்பிவிட்டு, அவர் பார்க்கும் வரை அப்பாவை உட்காரவைக்க நான் பட்ட பாடு தனி. "எண்ணிக்கை வந்துவிட்டதே, கொடுக்க வேண்டியதுதானே?" என்று மூன்று முறை கேட்டார். நாற்பது நிமிடத்தில் மருத்துவர் கூப்பிட்டார். கொத்துகள் பற்றி ஒரு வரி சேர்க்கச் சொல்லி, மாலை வந்து கையொப்பமிட்டார். பையனின் அப்பா காரை அணைத்துவிட்டு, உள்ளூர் மருத்துவரிடமே காட்டப் போனார். அறிக்கையின் கீழே, மருத்துவரின் கையொப்பத்துக்கு இடப்பக்கம், 'பரிசோதித்தவர்' என்ற சிறிய இடத்தில் என் பெயர் இருந்தது. அச்சகத்தில் அந்த வரியைச் சேர்க்கச் சொன்னபோது, "இது எதற்குங்க?" என்று கேட்டிருந்தார்கள்.